பேசாமல் பார்க்கிறவள்

ஆகஸ்ட் 1, வியாழன்

பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் "எங்கேம்மா?" என்று கேட்டார். காலையில் எழுந்ததிலிருந்து ஒரு மனிதர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஈஜிபுரா என்று சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கொண்டு எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

லோஹித் வீட்டுக்கு இது மூன்றாவது வியாழன். ஏழு மாதக் குழந்தை. எம்.எஸ்சி. மூன்றாம் செமஸ்டரில் தொடங்குகிற குழந்தை வளர்ச்சி உளவியல் என்று ஒரு தாள். அதற்காக நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் படிப்பு வருடம் முழுக்க, வாரம் ஒருமுறை அதன் வீட்டில் போய் உட்கார வேண்டும். எனக்கு இந்த வீட்டைக் காட்டியது தடுப்பூசி போடுகிற நர்ஸ்.

அந்தத் தாளை நடத்துகிற மௌரீன் மேடத்தின் விதிகளை இங்கே எழுதிவைக்கிறேன். இன்று மீறப் பார்த்தேன், அதனால். குழந்தையைத் தூக்காதே. விளையாட்டுக் காட்டாதே. தாய்க்கு யோசனை சொல்லாதே. கொடுப்பதைச் சாப்பிடாதே, சாப்பிட்டால் விருந்தாளி ஆகிவிடுவாய். கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல். அங்கே குறிப்பெடுக்காதே, வீட்டுக்கு வந்து எழுது. பார். பார்ப்பது மட்டும்தான் வேலை.

உட்காரக் கற்றுக்கொள்கிறான். இன்று பக்கவாட்டில் சாய்ந்தபோது என் கை தானாக நீண்டுவிட்டது. அதற்குள் வீணா பிடித்துக்கொண்டாள். அவள்தான் தாய், இருபத்துமூன்று வயது இருக்கும். ஒரே அறை, ஷீட்டுக் கூரை, கட்டில், தண்ணீர் டிரம், டிவி. புருஷன் உத்தமனுக்கு மாலில் செக்யூரிட்டி வேலை, காலையில் போனால் இருட்டினபிறகுதான் வருவானாம். நான் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில். வீணா இன்றும் காபி வேண்டுமா என்று கேட்டாள், நான் இன்றும் வேண்டாம் என்றேன். சுவரோடு சுவராக இருக்க வேண்டும் என்கிறார் மேடம். அதற்கு எனக்குப் பயிற்சியே தேவையில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

என்னைப் பார்த்ததும் வீணா குழந்தையிடம், "இந்த மூஞ்சியப் பாக்கவா மேடம் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க? கருவாயா. சப்ப மூக்கா" என்றாள். ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை திட்டியிருப்பாள். குழந்தை ஒவ்வொரு திட்டுக்கும் வாய் கொள்ளாமல் சிரித்தது.

திட்டை எழுதிவைத்தேன். சிரிப்பையும் எழுதினேன், ஆனால் ஒரே வரியில்.

ஆகஸ்ட் 12, திங்கள்

செமினார். வகுப்பில் எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. நான் முப்பத்தேழு. என்னை ஆஞ்சலா மேடம் என்கிறார்கள், பாதி மரியாதை, பாதி கிண்டல். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் ஒழுங்காகிவிடும். அதனால் இப்போதெல்லாம் லைப்ரரி படிக்கட்டில் சாப்பிடுகிறேன்.

இன்று என் முறை. வீணா திட்டினதை அப்படியே ஆங்கிலத்தில் வாசித்தேன். எல்லாரும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெளி ஆள் முன்னால் குழந்தையைத் தொடர்ந்து இழிவுபடுத்துகிறாள், தாய்க்குள் ஒரு வெறுப்பு இருக்கலாம் என்று சோனியா சொன்னாள். பிறகு எல்லாரும் பேசினார்கள். மேடம் என்னைப் பார்த்து, கூர்மையான கவனிப்பு, தொடர்ந்து பாருங்கள் என்றார். வெளியே வந்ததும் சோனியா என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டாள். கேன்டீன் வரை சேர்ந்தே போனோம்.

நம்ம வீடுகளில் குழந்தையை அப்படித்தான் கொஞ்சுவார்கள், அதுவும் யாராவது வந்திருந்தால் கட்டாயம் திட்டித்தான் கொஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாயில் வந்தது. ஆனால் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்களே.

ஆகஸ்ட் 29, வியாழன்

உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்துத் தரையில் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அசையவில்லை.

ஒன்று கவனித்தேன். கன்னத்தில் வைக்கிற கறுப்புப் பொட்டு வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போகிறது. முதல் வாரம் மிளகு அளவு. இன்று எட்டணாக் காசு. இன்னொன்று உள்ளங்காலிலும். தாயின் அலங்காரப் பழக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். சிவாஜிநகரில் தேர். கூட்டத்தில் மாதாவுக்கு வேண்டிக்கொண்டு காவி உடுத்தின யாரோ ஒரு கிழவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், என்னை மகள் என்று நினைத்துவிட்டார் போல. மகள் வந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிப்போனாள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வரை நடந்தே வந்தேன். துபாயிலிருந்து தம்பி டேரில் வீடியோவில் வந்தான். சாப்பிட்டியா என்றான். சாப்பிட்டேன் என்றேன். பிஸ்கட்டும் சாப்பாடுதான். அம்மா படுத்திருந்த அறையை இன்னும் ஏன் பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள் நான். அம்மா போனபிறகு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை, படிப்புதான் கிடைத்தது. தம்பி வருடத்துக்கு ஒருமுறை அறையைப் பற்றிக் கேட்கிறான்.

செப்டம்பர் 16, திங்கள்

நல்ல செய்தி. எங்கள் சர்ச் நடத்துகிற பங்குப் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் இடம் காலியாகிறது. மே மாதத்துக்குள் டிகிரி கையில் இருந்தால் எனக்குத்தான் என்று சிஸ்டர் சொன்னார். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பால்காரரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எட்டு மாதம் தாண்டியதும் குழந்தைகள் புது முகத்தைக் கண்டால் அழும் என்பது பாடம். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்ததற்கு லோஹித் வீல் என்று அலறினான். என்னைப் பார்த்து அழவில்லை. சிரித்தான். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். மறுபடி சிரித்தான். கையைத் தட்டினான். 'த்தா' என்று ஒரு சத்தம் கொடுத்தான். எதற்கும் நான் பதில் தரவில்லை. கடைசியில் கண்ணை என்மேலிருந்து எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டான்.

தாய்மார்களை முகம் அசைக்காமல் உட்காரவைத்த பரிசோதனை ஒன்றை வகுப்பில் வீடியோ போட்டார்கள். அதில் வரும் குழந்தை இதையேதான் செய்யும். தாய் முகத்தை அப்படி வைத்துக்கொள்வது இரண்டு நிமிஷம்தான். நான் ஒரு மணி நேரம்.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. சைனஸ் என்று யாருக்கோ சொல்கிற மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நான் எழுந்து செருப்பு போட்டதும் லோஹித் அழுதான். கதவு வரை தவழ்ந்து வந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி — நிஜமான அழுகை. வீணா தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கிளம்புகிறேன் என்று யாரும் இதுவரை அழுததில்லை. சந்தோஷமாக இருக்கிறது. இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

அக்டோபர் 10, வியாழன்

குடையை மறந்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. வீணா எனக்கு முதுகு காட்டி நின்று, கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் மூடின கையால் குழந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரு கண்ணு, அக்கம்பக்கத்து கண்ணு, வியாழக்கெழம வர்ற கண்ணு, எல்லாம் போயிரணும்."

வியாழக்கிழமை வருவது நான் மட்டும்தான்.

சத்தம் போடாமல் திரும்பி வந்து தெருமுனையில் நின்றேன். மிளகாயை அடுப்பில் போட்டால் நெடி வரும், தெருவே இருமும். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா, சர்ச் ஃபாதருக்குத் தெரியாமல், உப்பும் மிளகாயும் சுற்றுவாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதனால்தான் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். எனக்கு இருமல் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

அக்டோபர் 11

நான் என்னடி பண்ணேன் உனக்கு? தொட்டேனா? தூக்கினேனா? ஒரு வார்த்தை பேசினேனா? மூலையில உக்காந்து பாத்துட்டுத்தானே வந்தேன். அதுகூட ஆகலையா உனக்கு?

கல்யாணம் இல்ல, புள்ள இல்ல. அதானே? ஞானஸ்நான விருந்துல என் மடியில குழந்தையக் குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாங்க. நான் கவனிக்கலன்னு நெனச்சுக்குவாங்க. கவனிக்கறதுதான் எனக்கு நல்லா வருமே. அதுக்குத்தானே மார்க்கு போடறாங்க.

பொட்டு பெரிதானதற்கு அர்த்தம் இப்போது புரிகிறது. அலங்காரப் பழக்கமாம்.

அக்டோபர் 17, வியாழன்

போகவில்லை. ஊரெல்லாம் வெள்ளம். நல்ல காரணம்.

அக்டோபர் 24, வியாழன்

வெள்ளம் இல்லை. போகவில்லை.

அக்டோபர் 26, சனி

வீணா போன் செய்தாள். ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பரீட்சை என்று பொய் சொன்னேன். வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு லோஹித் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். போனை வைத்ததும் யோசித்தேன், என் போனில் ஆஸ்பத்திரி, பாங்க், டேரில் தவிர வேறு யாருடைய அழைப்பு இந்த மாதம் வந்தது? தேடிப் பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

போனேன். இன்றைக்கு அங்கே ஆள் நிறைய இருப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை. மாலில் கூட்டம் என்று உத்தமனுக்கு லீவு தரவில்லை. புதுச் சேலையில் வீணா கட்டிலில் தனியாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். லோஹித்துக்குப் புதுச் சட்டை, கன்னத்தில் பொட்டு.

நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். குடைக்காக அன்று திரும்பி வந்தேன், நீ சுற்றிப்போட்டதைப் பார்த்தேன், என் கண் குழந்தைக்கு ஆகாது என்றால் இனி நான் வரவில்லை. குரல் நடுங்கிவிட்டது. நடுங்கக்கூடாது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

வீணா வெட்கப்படுவாள், இல்லை என்று சாதிப்பாள் என்று நினைத்தேன். அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"ஆமாக்கா, சுத்திப் போட்டேன். வாராவாரம் சுத்துறேன். நீங்க வர்றீங்க, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க, ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கறீங்க, அவனையே பாத்துட்டுப் போறீங்க. அப்டிப் பாத்தா யார் கண்ணும் படும். பெத்தவ என் கண்ணே படும்."

அப்படியானால் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அதான் சொல்ல முடியல. எங்க வீட்டுக்காரரு பூரா நேரமும் மாலுல. எங்கம்மா கிருஷ்ணகிரில. இந்த வீட்டுக்கு வாரத்துல வர்ற ஒரே ஆளு நீங்கதான். வராதீங்கன்னு சொல்லிட்டா எனக்குத்தான் பேஜாரு. சுத்திப் போட்டுட்டா நீங்க வரலாமில்ல? அதுக்குத்தான் சுத்துனேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து நீட்டினாள். மௌரீன் மேடம் கண்ணுக்கு முன்னால் வந்தார். போய்விட்டார். அதிரசம் கொஞ்சம் கருகியிருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

பிறகு லோஹித்தைத் தூக்கினேன். இத்தனை மாதம் பார்த்தும் அவன் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடியைப் பிடுங்கினான். "டேய் கருவாயா, சப்ப மூக்கா, உன் மூஞ்சிக்குக் கண்ணாடி வேறயா" என்றேன். வீணா சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்தபோது ஆகஸ்டில் வகுப்பில் நான் வாசித்தது நினைவுக்கு வந்து, முகத்தைக் குழந்தை பக்கம் திருப்பிக்கொண்டேன். மேடம் என்று கூப்பிட்டவள் இன்று அக்கா என்றாள்.

நவம்பர் 4, திங்கள்

எல்லாவற்றையும் செமினாரில் சொன்னேன். அந்தத் திட்டெல்லாம் கண் படாமல் இருக்கச் சொல்வது, அந்தத் தாய்க்குக் குழந்தைமேல் ஒரு வெறுப்பும் இல்லை, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். தார்வாட் பையன் சுனில், தன்னையும் வீட்டில் குரங்கே என்றுதான் கூப்பிடுவார்கள் என்றான். சிலர் சிரித்தார்கள். சோனியா சிரிக்கவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதனால்தான் என்றேன். அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

மேடம் பிறகு அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வழி சொன்னார். ஒன்று, அக்டோபர் வரை பார்த்ததைத் திருத்தி எழுதி முடிக்கலாம், வருடம் நிறையாவிட்டாலும் தாள் பாஸாகிவிடும், மேயில் டிகிரி. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரே ஒருமுறை போய் விடைபெற்றுக்கொண்டு, இனிமேல் போகக்கூடாது. போய்வந்துகொண்டே அவர்களைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. இன்னொன்று, போய்வரலாம். அப்படியானால் அந்த ரிப்போர்ட்டுகள் எதுவும் செல்லாது. புதுக் குடும்பம், முதலிலிருந்து, டிகிரி அடுத்த வருடம்.

மேலும் சொன்னார்: "ஒரு வீட்டுக்குப் போக ஆசைப்படுவது தப்பில்லை, ஆஞ்சலா. ஆனால் அது படிப்பு இல்லை."

நவம்பர் 6, புதன்

வேலை வேண்டும். சேமிப்பில் இன்னொரு வருடம் ஓட்டலாம், இழுத்துப் பிடித்தால். அதற்குள் பள்ளிக்கூடத்தில் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். முப்பத்தெட்டில் மறுபடி தேட வேண்டும். விவரம் தெரிந்த யாரிடம் கேட்டாலும், விடைபெற்றுக்கொண்டு வா என்றுதான் சொல்வார்கள். டேரிலிடம் கேட்டேன். பைத்தியமா உனக்கு, யாரோ வீட்டுக் குழந்தைக்காகவா என்றான்.

யாரோ வீட்டுக் குழந்தைதான். நாளைக்குப் பள்ளிக்கூடம் போனால் என்னை மறந்துவிடும், அதுவும் பாடத்தில் இருக்கிறது. வீணாவே வேறு ஏரியாவுக்குப் போய்விடலாம். அப்போது எனக்கு வேலையும் இருக்காது, போய்வர ஒரு வீடும் இருக்காது. எல்லாம் தெரிகிறது. ஆனால் விடைபெறப் போய் வீணாவிடம் என்ன சொல்வேன்? படித்து முடித்தாயிற்று, இனி வரமாட்டேன் என்றா?

நவம்பர் 7, வியாழன்

போனேன். விடைபெறவில்லை.

நவம்பர் 11, திங்கள்

ரிப்போர்ட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூட சிஸ்டருக்கு போன் செய்து வருத்தம் தெரிவித்தேன். அவர் ஏன் என்று கேட்டார். குடும்ப விஷயம் என்று வாயில் வந்துவிட்டது.

சோனியாவும் மற்றவர்களும் ஜூனில் போய்விடுவார்கள். அடுத்த வருடம் இன்னும் சின்னவர்கள் வருவார்கள். லைப்ரரி படிக்கட்டு அங்கேயேதான் இருக்கும்.

டிசம்பர் 3, செவ்வாய்

புதுக் குடும்பம். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெரிய அபார்ட்மென்ட், ஆறு மாதப் பெண் குழந்தை. தாய் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தாள், ஆயா குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு நல்ல சோபா. யாரும் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. யாரும் பொட்டு வைக்கவில்லை. ஒரு மணி நேரம் விதி மீறாமல் பார்த்தேன். கிளம்பும்போது சொல்லிக்கொள்ள ஆள் தேடி, கிடைக்காமல், கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 25

பூசை. தனியாகச் சாப்பிட்டேன். டேரில் போனில் ஐந்து நிமிஷம். சாயங்காலம் உத்தமன் போன் செய்து ஹேப்பி கிறிஸ்மஸ் அக்கா என்று சொல்லிவிட்டு, மேலே என்ன பேசுவது என்று தெரியாமல் வீணாவிடம் கொடுத்தான். அம்மாவின் அறையைத் திறந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 2, வியாழன்

வீணா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். ஊருக்கு வெளியே அத்திபெலேயில் வாடகை குறைவு, அங்கே போய்விடலாம் என்று உத்தமன் சொல்கிறானாம். அவளுக்கு இஷ்டமில்லை. அங்கே போனால் நீங்க வருவீங்களா என்று கேட்டாள். பஸ் இருக்கிறதே என்றேன். பிறகு எப்படியோ அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி மாதங்களில் அம்மா என்னை யாரென்று தெரியாமல் நர்ஸ் என்று கூப்பிட்டதை, நானும் நர்ஸ் மாதிரியே பதில் சொல்லிக்கொண்டிருந்ததை வீணாவிடம் சொன்னேன். இதை டேரிலிடம்கூடச் சொன்னதில்லை. வீணா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என் முழங்காலில் கையை வைத்தாள். அழுதேன். சைனஸ் என்று யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் லோஹித் தண்ணீர் டிரம் பக்கத்தில் நிற்கிறான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். கட்டிலுக்கும் டிரம்முக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நடந்துதான் போயிருக்க வேண்டும். ஒரு வயது ஆகிற நேரத்தில் வைக்கிற முதல் அடி, பாடத்தில் ஒரு முழு அத்தியாயம் அது. எந்தக் காலை முதலில் வைத்தான், தடுமாறினானா, யாரைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் தெரியாது. டிரம்மைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"நடந்தானாக்கா? நீங்க பாத்தீங்களா?" என்றாள் வீணா.

நான் பார்க்கவில்லை என்றேன்.